செல்போனில் சிக்கிய விண்மீன்கள்

(மூன்றாம் ஆண்டு எலக்ட்ரானிக்ஸ் மாணவன், ஃபேர்லேண்ட்ஸ், சேலம்)



வானத்தைப் படம் பிடிப்பது என்றால் லட்ச ரூபாய் டெலஸ்கோப்பும், மலை உச்சியில் ஒரு பங்களாவும் வேண்டும் என்றுதான் நம்மில் பலரும் நினைத்துக் கொண்டிருக்கிறோம். வசதி உள்ளவர்களின் பொழுதுபோக்கு என்று நானும் அப்படித்தான் கேள்விப்பட்டிருந்தேன். ஆனால் நம் டிப்ளமோ பாடத்தில் படிக்கிற நாலைந்து விஷயங்களும், ஒரு சாதாரண செல்போனும், கொஞ்சம் பொறுமையும் இருந்தால் சேலம் நகரத்துக்குள்ளேயே நின்றுகொண்டு ஓரியன் நெபுலாவைப் படத்தில் கொண்டுவந்துவிடலாம். எப்படி என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் எழுதப் போகிறேன். கதை குறைவாகவும் கணக்கு கொஞ்சம் அதிகமாகவும் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊர்க்காரர்கள் செய்தது

வானத்தைப் படம் எடுப்பது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. கொடைக்கானல் வானோக்குக் கூடம் 1899இல் தொடங்கியது. நூறு வருடத்துக்கும் மேலாக அங்கே சூரியனைப் படம் எடுத்து, கண்ணாடித் தகடுகளில் சேர்த்து வைத்திருக்கிறார்கள். அந்தத் தகடுகளை ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் ஏற்றி, பழைய சூரியப் புள்ளிகளை இன்றைக்கும் ஆராய்கிறார்கள். என்றோ எடுத்த படம் இன்றைய கம்ப்யூட்டரில் புது வேலை செய்கிறது பாருங்கள்!

நமக்குக் கிட்டத்தில் இருப்பது காவலூர். சேலத்திலிருந்து ஊத்தங்கரை, திருப்பத்தூர் வழியாகப் போனால் ஜவ்வாது மலையில் ஆலங்காயத்துக்குப் பக்கம். வைணு பாப்பு என்ற விஞ்ஞானி தேர்ந்தெடுத்த இடம் அது. 1927இல் சென்னையில் பிறந்த அவர், 1949இல் அமெரிக்காவில் ஹார்வர்டில் மாணவராக இருந்தபோது, தான் எடுத்த புகைப்படத் தகட்டில் ஒரு வால்நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தார். பாப்பு - பாக் - நியூகிர்க் என்று அதற்குப் பெயர். காவலூரில் உள்ள 2.34 மீட்டர் டெலஸ்கோப் 1986 ஜனவரியில் திறக்கப்பட்டது. அவர் 1982இலேயே காலமாகிவிட்டதால் அதைப் பார்க்கவில்லை. அவர் பெயரைத்தான் அதற்கு வைத்திருக்கிறார்கள். 1988 பிப்ரவரியில் அதே காவலூரில் ராஜமோகன் என்ற விஞ்ஞானி 48 செ.மீ. ஷ்மிட் டெலஸ்கோப்பில் எடுத்த படங்களிலிருந்து ஒரு குறுங்கோளைக் கண்டுபிடித்தார். அதற்குக் கணித மேதை ராமானுஜன் பெயர் வைக்கப்பட்டது. 4130 ராமானுஜன்.

அவர்களெல்லாம் பெரிய விஞ்ஞானிகள், நாம் யார் என்று கேட்கலாம். அந்தக் கேள்விக்குப் பின்னால் வருகிறேன்.

கையில் இருந்தவை

என் அப்பா ஃபேர்லேண்ட்ஸில் ஓர் அபார்ட்மென்ட்டில் வாட்ச்மேன். கீழே பார்க்கிங் பக்கத்தில் எங்களுக்கு ஓர் அறை. ஃபேர்லேண்ட்ஸ் என்றால் பெரிய வீடுகள் என்று நினைப்பீர்கள், எங்களுக்கு அதில் சொந்தம் அந்த அறையும் மொட்டை மாடிச் சாவியும்தான். ஆனால் அந்தச் சாவி கொஞ்ச நஞ்சமல்ல. சங்கச் செயலாளர் சாரிடம் அனுமதி கேட்டு, இரவு ஒன்பது மணிக்கு மேல் மாடி விளக்கை அணைத்துக்கொள்ள அப்பா வழி செய்து கொடுத்தார்.

போன் செகண்ட்ஹேண்டில் வாங்கியது. அதில் இரண்டு வசதி இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்கினேன். ஒன்று, ஷட்டரை பத்து விநாடிக்கு மேல் திறந்து வைக்கிற மேனுவல் மோடு. இரண்டு, ரா ஃபைல். ஜேபெக் படத்தில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான். ரா ஃபைலில் 10 பிட் என்றால் 1024, 12 பிட் என்றால் 4096. நம் ஏ.டி.சி. பாடத்தில் ரெசொல்யூஷன் என்று படித்தோமே, அதேதான். மங்கலான நெபுலா அந்த 256க்குள் ஒரு படி கூட ஏறாமல் போய்விடும்.

ஸ்டாண்டுக்கு மெக்கானிக்கல் நண்பன் ஒருவன் கழிவு எல்-ஆங்கிளில் ஒரு பிடி செய்து கொடுத்தான். பெரும்பாலான கேமரா ஸ்டாண்டுகளில் கால் அங்குல போல்ட், அங்குலத்துக்கு 20 மரை. உலகம் முழுக்க இதே அளவு என்பதால் ஹார்டுவேர் கடை போல்ட்டே போதும். போனைத் தொட்டால் ஆடும், ஆகவே மூன்று விநாடி டைமர் வைத்துக்கொள்ள வேண்டும்.

எத்தனை விநாடி ஷட்டரைத் திறக்கலாம்? இங்கேதான் பூமி குறுக்கே வருகிறது. பூமி 23 மணி 56 நிமிடத்தில் ஒரு சுற்று. விநாடிக்கு 15 ஆர்க் செகண்ட். என் போனின் மெயின் கேமரா அகலவாக்கில் ஏறக்குறைய 67 டிகிரி பார்க்கிறது, படத்தின் அகலம் 4000 பிக்சல். 67ஐ 3600ஆல் பெருக்கி 4000ஆல் வகுத்தால் ஒரு பிக்சலுக்கு 60 ஆர்க் செகண்ட். அப்படியானால் நான்கு விநாடிக்கு ஒரு பிக்சல் வீதம் நட்சத்திரம் நகர்கிறது. பத்து விநாடிக்கு இரண்டரை பிக்சல், இது பரவாயில்லை. முப்பது விநாடி என்றால் ஏழரை பிக்சல், புள்ளி கோடாகிவிடும். உங்கள் போனுக்கு இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். யாரோ சொன்ன செட்டிங்கை அப்படியே வைப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

ஜனவரி, பிப்ரவரி, மார்ச் நமக்கு நல்ல காலம். மழை மேகம் இல்லை, இரவு எட்டு மணிக்கே ஓரியன் நல்ல உயரத்துக்கு வந்துவிடும். வரிசையாக மூன்று நட்சத்திரம், அதற்கு மேலே சிவப்பாகத் திருவாதிரை. ஓமலூர் பக்கத்தில் இருக்கும் என் பாட்டிக்கு அந்த மூன்று நட்சத்திரம்தான் கடிகாரம், இராத்திரி தண்ணீர் பாய்ச்சப் போகிற நேரத்தை அதை வைத்துத்தான் சொல்லும். அந்த மூன்றுக்குக் கீழே வாள் போலத் தொங்குகிற சின்ன வரிசையின் நடுவில் இருப்பதுதான் ஓரியன் நெபுலா. ஏறத்தாழ 1340 ஒளியாண்டு தூரம். சேலம் அட்சரேகை 11.65 டிகிரி என்பதால் அது உச்சிக்கு வரும்போது 73 டிகிரி உயரத்தில் இருக்கும். ஐரோப்பாக்காரர்கள் நம்மைவிடத் தாழ்வாகப் பார்ப்பதை நாம் தலைக்கு மேலே பார்க்கிறோம்.

ஐ.எஸ்.ஓ. 800, பத்து விநாடி. முதல் படத்தில் தெரிந்தது என்ன? ஐந்து ரோடு பக்கத்து வெளிச்சமும் ஹோர்டிங் வெளிச்சமும் சேர்ந்து வானமே வெளிறிய காவி நிறம். நட்சத்திரங்கள் உண்டு. நெபுலா இருக்க வேண்டிய இடத்தில் புள்ளி புள்ளியாகக் குருணை. அவ்வளவுதான். ஆனால் நெபுலா அந்தப் படத்தில் இல்லாமல் இல்லை!

கூட்டினால் தெரியும்

சிக்னல் டு நாய்ஸ் ரேஷியோ. கம்யூனிகேஷன் பேப்பரில் இரண்டு மார்க் கேள்வி. பத்தாவது வரை தமிழ் மீடியத்தில் படித்த நான் அதை ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்து எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். அதற்கு என்ன அர்த்தம் என்று புரிந்தது மொட்டை மாடியில்தான்.

ஒரு பிக்சலை எடுத்துக்கொள்வோம். பத்து விநாடியில் நகர வெளிச்சத்திலிருந்து 100 போட்டான் விழுகிறது. நெபுலாவிலிருந்து 3 விழுகிறது. மொத்தம் 103. சுலபமாகப் பிரித்துவிடலாம் போலத் தோன்றும். ஆனால் ஒளி குழாய்த் தண்ணீர் போல ஒரே சீராக வருவதில்லை, மழைத்துளி மாதிரி வருகிறது. சராசரி 100 என்றால் ஒவ்வொரு தடவையும் அதன் வர்க்கமூலம் அளவுக்கு, அதாவது 10 அளவுக்கு, ஏறும் இறங்கும். ஒரு தடவை 94, இன்னொரு தடவை 111. இந்த ஆட்டத்துக்குள் 3ஐ எங்கே தேடுவது?

இதே மாதிரி 100 படம் எடுத்துச் சராசரி பாருங்கள். நெபுலாவின் 3 அப்படியே 3ஆக நிற்கும். ஆட்டம் மட்டும் 100இன் வர்க்கமூலமான 10ஆல் வகுபட்டு 1ஆகச் சுருங்கும். இப்போது 3க்கு 1. மூழ்கிக் கிடந்தது தலை தூக்கிவிட்டது!

இது ஒன்றும் வான சாஸ்திர ரகசியமல்ல. நம் லேபில் டிஜிட்டல் ஆஸிலோஸ்கோப்பில் 'ஆவரேஜ்' என்று ஒரு பட்டன் இருக்கிறது, அதை அழுத்தினால் நடுங்குகிற அலை தெளிவாகிறதே, அதுதான் இது. சிவில் நண்பர்கள் சர்வேயிங்கில் தியோடலைட்டை வைத்து ஒரே கோணத்தைத் திரும்பத் திரும்ப எடுத்துச் சராசரி போடுகிறார்கள். அதுவும் இதேதான்.

ஆகவே நான் ஒரே இடத்தை 60 படம் எடுத்தேன். மொத்தம் பத்து நிமிட வெளிச்சம். ஆட்டம் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்காகக் குறைந்தது. அந்தப் பத்து நிமிடத்தில் வானம் இரண்டரை டிகிரி நகர்ந்துவிடும், படத்தில் 150 பிக்சல். அதைச் சரி செய்ய டீப் ஸ்கை ஸ்டாக்கர், சிரில் என்று மென்பொருள்கள் உண்டு. இரண்டும் இலவசம். அவை நட்சத்திரங்களை முக்கோணம் முக்கோணமாகப் பிடித்து, எந்த முக்கோணம் எங்கே நகர்ந்தது என்று பார்த்து, படங்களை ஒன்றின் மேல் ஒன்று பொருத்துகின்றன. 12 மெகாபிக்சல் ரா ஃபைல் ஒன்று 24 எம்.பி., 60 படம் என்றால் கிட்டத்தட்ட ஒன்றரை ஜி.பி. பழைய லேப்டாப் மூச்சு வாங்கும். பேனைப் போட்டுவிட்டுத் தூங்கப் போய்விடுவது நல்லது.

நடுவில் ஒரு விமானம் போனால்? 59 படங்களில் 103 இருந்து ஒரே ஒரு படத்தில் 900 விழுந்தால் சராசரி 116 ஆகிவிடும். படத்தின் குறுக்கே கோடு தெரியும். ஆனால் 60 எண்களையும் வரிசைப்படுத்தி நடுவில் இருப்பதை எடுத்தால் அது 103ஆகவே நிற்கும். மீன், மீடியன் என்று கணக்கில் படித்துவிட்டு இது எதற்கு என்று கேட்டோமே, இதற்குத்தான். விமானமும் செயற்கைக்கோளும் தானாக மறைந்துவிடுகின்றன.

இன்னும் இரண்டு சடங்குகள் உண்டு. லென்ஸைக் கறுப்புத் துணியால் மூடி, அதே பத்து விநாடியில் பதினைந்து இருபது படம் எடுக்க வேண்டும். சென்சார் சூட்டினால் தானாக உண்டாகிற பொய்ப் புள்ளிகள் அதில் பதியும், பிறகு கழித்துவிடலாம். ஏழெட்டு டிகிரி சூடு ஏறினால் இந்தத் தொல்லை இரட்டிப்பாகும் என்பதால், சித்திரை மாதத்து சேலத்தில் இதைத் தவிர்க்கவே கூடாது. பெரிய வானோக்குக் கூடங்களில் திரவ நைட்ரஜன் ஊற்றி கேமராவைக் குளிர வைக்கிறார்கள், நமக்கு அது கட்டுப்படி ஆகாது. அடுத்தது, லென்ஸ் மேல் வெள்ளைத் துணி போட்டுக் காலை வானத்தை எடுப்பது. லென்ஸின் ஓரம் எவ்வளவு இருட்டு, எங்கே தூசு என்று அது காட்டிக் கொடுக்கும். அப்பாவின் வேட்டியை இரண்டாக மடித்தால் சரியாக இருக்கிறது.

எல்லாம் முடிந்து வருகிற படத்தைத் திறந்தால் கறுப்பாகத்தான் இருக்கும். ஏமாந்து போகாதீர்கள். 100க்கும் 103க்கும் உள்ள வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. எல்லாவற்றிலும் 100ஐக் கழித்து, மிச்சத்தை 20ஆல் பெருக்குங்கள். வானம் 0, நெபுலா 60. ஆப்-ஆம்ப் பாடத்தில் ஆஃப்செட்டை நீக்கி கெயின் கொடுக்கிறோமே, வேறொன்றுமில்லை. ஒரே படத்தில் இதைச் செய்தால் 10ஆக இருந்த ஆட்டமும் 200 ஆகிக் கெடுத்துவிடும். அதனால்தான் முதலில் கூட்டல், பிறகு பெருக்கல். கிம்ப் என்ற இலவச மென்பொருளில் கர்வ் என்ற இடத்தில் இந்த வேலை நடக்கிறது.

ஓரியன் வாளின் நடுவில் ஒரு சிறிய, மங்கிய ரோஸ் நிறப் புகை. அதுதான் கிடைத்தது. இரும்புக் கட்டிலில் உட்கார்ந்து அதையே வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஹைட்ரஜனின் 656.3 நானோமீட்டர் சிவப்பு அது. போன் கேமராவில் உள்ள அகச்சிவப்பு ஃபில்டர் அந்தச் சிவப்பிலும் கொஞ்சத்தை வெட்டிவிடுகிறது, இல்லாவிட்டால் இன்னும் சிவந்து தெரியும்.

ஒட்டு வேலையா?

அப்பாவுக்குக் காட்டினேன். முதல் படத்தையும் கடைசிப் படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "ஏங்கண்ணு, இது நெசமாவே மேல இருக்கறதா, இல்ல நீ கம்ப்யூட்டர்ல ஒட்டுனதா?" என்று கேட்டார்.

அப்பா நாலாவது வரை படித்தவர். ஆனால் நண்பர்களே, இந்தத் துறையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்! 2023 மார்ச்சில் ஒருவர் ஒரு சோதனை செய்தார். நிலாவின் படத்தை 170க்கு 170 பிக்சலாகச் சுருக்கி, வேண்டுமென்றே மங்கலாக்கி, கம்ப்யூட்டர் திரையில் வைத்தார். அறை விளக்கை அணைத்து தூரத்திலிருந்து சாம்சங் போனில் ஜூம் செய்து எடுத்தார். திரையில் இல்லாத பள்ளங்களும் கோடுகளும் போன் படத்தில் வந்தன. நிலாவை அடையாளம் கண்டு விவரங்களைக் கூட்டித் தர ஏ.ஐ. பயன்படுத்துவதாக அந்த நிறுவனமே விளக்கம் சொன்னது. பார்க்க அழகுதான். ஆனால் அந்தப் பள்ளம் அந்த லென்ஸ் வழியாக வந்த வெளிச்சத்தால் பதிந்ததல்ல. இதனால்தான் போனின் தானியங்கி இரவு மோடு, நிலா மோடு எல்லாவற்றையும் விட்டுவிட்டு ரா ஃபைல் எடுக்கச் சொல்கிறேன்.

அப்பாவுக்கு வாயால் பதில் சொல்வதைவிடச் செய்து காட்டுவது நல்லது என்று தோன்றியது. அறுபது படங்களையும் இரண்டு கட்டாகப் பிரித்தேன். 1, 3, 5 என்று ஒற்றைப்படை எண்கள் ஒரு கட்டு. 2, 4, 6 என்று இரட்டைப்படை எண்கள் இன்னொரு கட்டு. இரண்டையும் தனித்தனியாகக் கூட்டி, ஒரே அளவில் பெருக்கி, பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். குருணை இரண்டிலும் வேறு வேறு இடத்தில் இருந்தது. புகை மட்டும் இரண்டிலும் அதே இடத்தில், அதே வடிவத்தில். "ரெண்டு சாட்சி தனித்தனியா வந்து ஒரே மாதிரி சொல்றாங்கன்னு வெச்சுக்கோங்கப்பா" என்றேன். "அப்ப இருக்குது" என்று சொல்லிவிட்டு கேட்டைப் பூட்டப் போய்விட்டார். எனக்கு அது முதல் வகுப்பு மார்க் மாதிரி.

கழிக்கலாம், கூட்டலாம், படம் முழுவதையும் ஒரே விதிப்படி பெருக்கலாம். ஓரிடத்தில் மட்டும் தூரிகை வைக்கக் கூடாது. இதுதான் என் கொள்கை. நிறத்தைப் பற்றி மட்டும் சண்டை தீராது. ஜேம்ஸ் வெப் டெலஸ்கோப் பார்ப்பது பெரும்பாலும் கண்ணுக்கே தெரியாத அகச்சிவப்பு, அதற்கு நிறம் கொடுப்பது விஞ்ஞானிகள்தான். ஆனால் எந்த அலைநீளத்துக்கு எந்த நிறம் என்று சொல்லிவிட்டுக் கொடுக்கிறார்கள். சொல்லிவிட்டுச் செய்தால் அது விளக்கம், சொல்லாமல் செய்தால்தான் ஏமாற்று.

நாம் யார் என்ற கேள்விக்கு இப்போது வருகிறேன். 2019 செப்டம்பரில் சந்திரயான்-2இன் விக்ரம் லேண்டர் நிலாவில் விழுந்து தொடர்பு அறுந்தது. நாசாவின் ஆர்பிட்டர் செப்டம்பர் 17 அன்று அந்த இடத்தை எடுத்த படம் பொதுமக்களுக்கு வெளியிடப்பட்டது. சென்னையில் வேலை பார்த்த சண்முக சுப்பிரமணியன் என்ற மெக்கானிக்கல் இன்ஜினியர், விண்வெளித் துறையில் வேலை இல்லாதவர், தன் வீட்டில் பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுக்கொண்டே வந்தார். பழையதில் இல்லாத ஒரு வெள்ளைப் புள்ளி புதியதில் இருந்தது. ஒரே ஒரு பிக்சல்! அவர் எழுதித் தெரிவித்தார். நாசா பிறகு எடுத்த படங்களையும் வைத்துச் சரி பார்த்து, அது விக்ரமின் சிதறல்தான் என்று அதே ஆண்டு டிசம்பர் 2 அன்று அவர் பெயரைப் போட்டு அறிவித்தது. முக்கியமாக விழுந்த இடத்திலிருந்து வடமேற்கே சுமார் 750 மீட்டர். அவர் கையில் டெலஸ்கோப் இல்லை. அந்தப் புள்ளி குருணையா, பொருளா என்ற அதே கேள்விதான் அவருக்கும் இருந்திருக்கும்.

இரண்டு பலகை, ஒரு கீல்

அடுத்து நான் செய்துகொண்டிருப்பதைச் சொல்லி முடிக்கிறேன், ஒர்க்‌ஷாப் பக்கம் போகிறவர்களுக்கு உதவும். பூமி சுற்றுகிற வேகத்தில் கேமராவைத் திருப்ப மோட்டார் வைத்த விலை உயர்ந்த சாதனம் விற்கிறது. அதே வேலையை இரண்டு பிளைவுட் பலகையும் ஒரு கீலும் செய்யும். ஸ்காட்லாந்துக்காரர் ஹெய்க் என்பவர் 1970களில் சொன்ன வழி. கீலிலிருந்து சரியான தூரத்தில் ஒரு போல்ட் போட்டு, நிமிடத்துக்கு ஒரு சுற்று திருப்ப வேண்டும். தூரம் எவ்வளவு? பூமி 1436 நிமிடத்தில் ஒரு சுற்று, அதாவது நிமிடத்துக்கு 0.004376 ரேடியன். எம்6 போல்ட்டின் மரை 1 மி.மீ. ஒன்றை 0.004376ஆல் வகுத்தால் 228.5 மி.மீ. கால் அங்குல 20 மரை போல்ட் என்றால் 290 மி.மீ. கீலின் அச்சு துருவ நட்சத்திரத்தைப் பார்க்க வேண்டும். நம் ஊரில் அது வடக்கே 11.65 டிகிரி உயரத்தில்தான் இருக்கிறது, பெரும்பாலும் கட்டடமோ புகையோ மறைக்கும். திசைகாட்டியும் கோணமானியும் வைத்துப் பலகையைச் சாய்த்துக்கொள்ளலாம். பதினைந்து விநாடிக்குக் கால் சுற்று என்று கையால் திருப்பினாலே போன் கேமராவுக்குப் போதும், முப்பது விநாடி கோடு விழாமல் கிடைக்கும்.

இருட்டான இடம் கிடைத்தால் பாதி வேலை மிச்சம். மேலே போட்ட கணக்கில் வானத்தின் 100 போட்டான் 25ஆகக் குறைந்தால் ஆட்டம் 5, அதே தெளிவுக்கு 25 படமே போதும். இங்கே 100 படத்தில் கிடைப்பது அங்கே கால் பங்கு நேரத்தில் கிடைக்கிறது. ஏற்காடு, கொல்லிமலை இரண்டும் நமக்குப் பக்கம். ஆனால் கொண்டை ஊசி வளைவுகளில் ராத்திரி டூ வீலரில் போக வேண்டாம். மாலையிலேயே பஸ்ஸில் ஏறி, தங்க இடம் உறுதி செய்துகொண்டு போங்கள். அமாவாசையை ஒட்டிய நாள் பாருங்கள்.

அதுவரை எங்கள் மொட்டை மாடி இருக்கிறது. வருவதாக இருந்தால் முன்னதாகச் சொல்லிவிட்டு, இரவு ஒன்பதரைக்கு மேல் வாருங்கள். தண்ணீர் டேங்க் மோட்டார் ஒன்பதே காலுக்கு நிற்கும். அது ஓடுகிறபோது தளம் அதிர்கிறது, நட்சத்திரமெல்லாம் இரண்டிரண்டாகத் தெரியும்.